ஊருக்கு ஒரு நல்ல வெல்டிங் மெஷின்: திருச்சுழி வட்டார உழவர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி, அருப்புக்கோட்டைப் பக்கத்து ஊர்களில் உழவர் குழுக்களாகவும் மகளிர் குழுக்களாகவும் சேர்ந்திருக்கும் அண்ணாச்சிமார், அக்காமார், மதினிமார், தம்பிமார் எல்லாருக்கும்:

உங்களில் பல பேர் விதைப்புக்கு முன்னால் வெல்டிங் மெஷின் வாங்கிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து போனில் படம் காட்டுகிறீர்கள். தோளில் மாட்டும் வாரோடு ஒரு சின்னப் பெட்டி, முகப்பில் ‘200 ஆம்பியர்’ என்று கொட்டை எழுத்து, ஐயாயிரத்துச் சொச்சம் விலை. மெஷின் வாங்காதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நமக்கு அது வேண்டும். அந்தக் கொட்டை எழுத்தை நம்பி ஆளுக்கொரு பெட்டி வாங்காதீர்கள் என்பதைத்தான் சொல்ல வந்தேன். அதைச் சொல்லும் பாத்தியதை எனக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நம்முடையது கரிசல் பூமி. மழை பெய்த அன்று காட்டுக்குள் கால் வைக்க முடியாது. வெக்கை வாங்கி, பதம் வந்து, டிராக்டர் இறங்கினால் சேற்றில் சிக்காது என்கிற நாள் ஒன்று வரும். அதிலிருந்து நாலைந்து நாள்தான் கணக்கு. அதற்குள் உழுது குதிரைவாலியோ சோளமோ பருத்தியோ மல்லியோ போட்டு முடித்தாக வேண்டும். கிணறும் போரும் உள்ளவர்கள் ஒரு வாரம் பொறுக்கலாம், மானாவாரிக்காரன் பொறுக்க முடியாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு புரட்டாசியில், சரியாக அந்தப் பதத்தில், என் ஒன்பது கொத்துக் கலப்பையில் ஒரு கொத்தின் பிடிமானம் பிளந்தது. கழற்றி வண்டியில் கட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். எனக்கு முன்னால் பதினோரு பேர், எல்லாரும் உடைந்த கலப்பையோடு. மத்தியானம் கரண்ட் போனது. மறுநாள் சாயங்காலம்தான் வேலை முடிந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அடுத்த மழை இறங்கிவிட்டது. அந்த வருடம் நாலு ஏக்கர் பருத்தி பட்டம் தவறிப் போட்டேன். பட்டம் தவறிய பருத்தி என்ன கொடுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த ஆத்திரத்தில் ஒரு பெட்டி வாங்கினேன். 200 ஆம்பியர் என்று எழுதியிருந்தது. சன்னமான கம்பிகளைப் பற்றவைத்தபோது நன்றாகத்தான் இருந்தது. டிரெய்லரின் அடிச்சட்டத்தில் பத்து நம்பர் ராடு போட்டபோது மூன்றாவது ராடிலேயே மஞ்சள் விளக்கு எரிந்து நின்றது. ஆறியதும் மறுபடி ஓடியது, மறுபடி நின்றது. அடுத்த விதைப்பில் ஒரு சாயங்காலம் உள்ளே ‘டப்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. திறந்து பார்த்த மெக்கானிக், உள்ளே கரண்டை வெட்டி ஓட்டுகிற டிரான்சிஸ்டர்கள் வெந்துவிட்டன, போர்டையே மாற்ற வேண்டும், அந்த போர்டு கிடைக்காது என்றார். விற்றவர் போனை எடுக்கவில்லை. இதே கதையை நரிக்குடிப் பக்கத்தில் மட்டும் நாலு வீட்டில் கேட்டுவிட்டேன். நாலு பெட்டியும் மாட்டுக்கொட்டகை மூலையில் கிடக்கின்றன. அந்த நாலு பேர் போட்ட பணத்தைச் சேர்த்தால் தரமான ஒரு மெஷின் வாங்கியிருக்கலாம். என் மனக்குறை இதுதான்.

ஏன் வெந்தது? இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். விலையும் விளம்பரமும் மறைப்பது இந்த இடத்தில்தான்.

பட்டறையில் இருக்கும் பழைய டிரான்ஸ்பார்மர் மெஷின் செம்பும் இரும்புமாக ஒன்றுக்கு மேற்பட்ட ஆள் தூக்கும் கனம். அது சூட்டையும் லோ வோல்டேஜையும் ஓரளவு சகித்துக்கொள்ளும். கையில் தூக்கும் இன்வெர்ட்டர் மெஷின் வேறு சாதி. வீட்டுக்கு வரும் கரண்டை முதலில் ஒரே திசையில் ஓடும் கரண்டாக்கி, அதை நொடிக்குப் பல ஆயிரம் தடவை வெட்டி, கைக்கடக்கமான ஒரு டிரான்ஸ்பார்மருக்குள் செலுத்துகிறது. அதனால்தான் ஐந்தாறு கிலோவில் அவ்வளவு வேலை முடிகிறது. ஆனால் அந்த வெட்டுகிற வேலையைச் செய்யும் பாகங்கள் விரல் நீளம்கூட இல்லாதவை. அவற்றைக் காப்பது அலுமினியத் தகடும் ஒரு காற்றாடியும் மட்டும். தகடு சின்னது, காற்றாடி மட்டம், பாகங்கள் எண்ணிக்கையில் குறைவு என்றால் விலையும் குறையும், ஆயுளும் குறையும்.

மெஷினின் பின்பக்கமோ அடியிலோ ஒரு தகடு இருக்கும். முகப்பை விட்டுவிட்டு அதைப் படியுங்கள். அதில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்துக்கு நேரே சதவீதக் கணக்கு ஒன்று போட்டிருப்பார்கள். பத்து நிமிடத்தில் எத்தனை நிமிடம் அந்த ஆம்பியரில் ஓடும் என்பதே அதன் பொருள். 200 ஆம்பியர், 60 சதவீதம் என்றால் ஆறு நிமிடம் ஓடும், நாலு நிமிடம் ஆற வேண்டும். அப்படிப்பட்ட மெஷின் 150 ஆம்பியரில் நிற்காமலே ஓடும். இந்தக் கணக்கை 40 டிகிரி வெயிலுக்கு வைத்துப் போட வேண்டும் என்பது உலகத் தர விதி. நம் சித்திரை வெயிலுக்கு அதற்குக் குறைந்த எந்தக் கணக்கும் உதவாது. தகடே இல்லை, அல்லது தகட்டில் எக்ஸ் வரிசையே இல்லை என்றால், அந்தக் கடையில் மேற்கொண்டு பேச்சு வேண்டாம்.

நமக்கு 200 ஆம்பியர் தேவையே இல்லை என்பது அடுத்த விஷயம். கேட், கம்பி வேலி, தொட்டி மூடிக்கு பன்னிரண்டு நம்பர் ராடு, அதாவது 2.5 மில்லிமீட்டர் போதும். அதற்கு 60 முதல் 90 ஆம்பியர். கலப்பைக்கும் டிரெய்லர் சட்டத்துக்கும் பத்து நம்பர், 3.15 மில்லிமீட்டர். அதற்கு 90 முதல் 130. எட்டு நம்பர் ராடு போடுகிற அளவுக்குக் கனத்த இரும்பு நம் வீட்டில் என்ன இருக்கிறது? ஆகவே 130 ஆம்பியரை நாள் முழுக்கத் தாங்குகிற மெஷின் எது என்று தேடுங்கள். முகப்பில் 160 என்று எழுதி அதைச் செய்கிற மெஷின், 250 என்று எழுதி மூன்று ராடில் மயங்குகிற மெஷினைவிட எத்தனையோ மேல்.

இனி கரண்ட். 120 ஆம்பியரில் பத்து நம்பர் ராடு எரியும்போது, உள்ளே ஆகும் சேதாரத்தையும் சேர்த்தால், சுவரிலிருந்து ஏறக்குறைய 23 ஆம்பியர் இழுக்கும். அதுவும் 230 வோல்ட் முழுசாக வந்தால். சாயங்காலம் நம் ஊர்களில் 180-க்கு இறங்குகிறபோது அதே வேலைக்கு 29 ஆம்பியர் வேண்டும். நம் வீட்டு பவர் பிளக் 16 ஆம்பியருக்குச் செய்தது. பிளக் உருகுவதும் மெஷின் வேகுவதும் இதனால்தான். தகட்டில் 230 வோல்ட், கூடக்குறைய 10 சதவீதம் என்று போட்டிருந்தால், 207-க்குக் கீழே அந்தக் கம்பெனி எந்த உறுதியும் தரவில்லை என்று பொருள். 160 வரை இறங்கினாலும் ஓடும் என்று தகட்டிலேயே எழுதித் தருகிற மெஷின்கள் இருக்கின்றன. நம் வட்டாரத்துக்கு அதைத்தான் வாங்க வேண்டும். ஆயிரம் இரண்டாயிரம் கூடினாலும் அதற்குத்தான் கூட்ட வேண்டும், பளபளப்பான டிஸ்பிளேக்கு அல்ல.

வயரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வீட்டிலிருந்து களம் வரை முப்பது மீட்டருக்கு ஒரு சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தால் அதிலேயே 25 வோல்ட் போய்விடும். ஏற்கெனவே 190 வருகிற ஊரில் மெஷினுக்கு என்ன மிஞ்சும்? அதே தூரத்துக்கு நாலு சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் ஆறேழு வோல்ட்டோடு போகும். நல்ல மெஷின் வாங்கிவிட்டு, கல்யாணப் பந்தலுக்கு சீரியல் செட் போடுகிற வயரை மாட்டி அதைக் கொன்றவர்கள் உண்டு.

மோட்டார் ரூமில் மூன்று பேஸ் இருக்கிறதே, அங்கே மாட்டிக்கொள்ளலாம் என்று ஒருவர் சொல்வார். வேண்டாம் அண்ணாச்சி. 1990-லிருந்து உழவனுக்கு இலவசமாகக் கிடைக்கும் அந்த மின்சாரம் தண்ணீர் இறைக்கக் கொடுத்தது. அதில் வெல்டிங் ஓட்டினால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தில் அது அனுமதி மீறிய பயன்பாடு. இரட்டைக் கட்டணம் போடுவார்கள். கம்பியில் கொக்கி போடுவது திருட்டு, அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை. உழவர்கள் போராடிப் பெற்ற உரிமையை ஐந்து ராடு எரிக்க நாமே பழுதாக்கக் கூடாது. குழுவின் கொட்டகைக்குத் தனி இணைப்பு கேளுங்கள். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் வெல்டிங் என்றே எழுதிக் கொடுத்து வாங்குங்கள். காட்டுக்கே கொண்டுபோக ஜெனரேட்டர் வேண்டும் என்றால், பன்னிரண்டு நம்பர் ராடுக்கு 5 கேவிஏ, பத்து நம்பருக்கு 7.5 கேவிஏ. திருவிழாவில் லைட் போடுகிற சின்ன ஜெனரேட்டரில் மாட்டினால் இரண்டுமே போகும்.

மிக் மெஷின் நல்லதா என்று சில தம்பிமார் கேட்கிறார்கள். கொட்டகைக்குள் மெல்லிய தகட்டுக்கு அது அருமையான சாமான். ஆனால் உருகிய இரும்பைக் காக்கும் வாயுவை நம் ஆடிக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும், பற்றவைத்த இடம் பொந்து பொந்தாக நிற்கும். சிலிண்டரை நிரப்ப டவுனுக்கும் அலைய வேண்டும். ராடில் ஓடும் சாதா ஆர்க் மெஷின்தான் திறந்த காட்டுக்கு ஏற்றது. வாயுவின் வேலையை ராடின் மேல்பூச்சே செய்துவிடுகிறது. துருவும் மண்ணும் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். 6013 என்று அச்சடித்த ராடு அன்றாட வேலைக்கு. கலப்பைக் கொத்து போல அடி வாங்குகிற உறுதி இரும்புக்கு 7018. இந்த 7018-ஐ ஐப்பசி ஈரத்தில் திறந்து போட்டுவிட்டு, மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் சரியாகாது. அதற்கு 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். தேவைக்கு மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மெஷினை யூரியா மூட்டைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், போர்டை அரித்துவிடும். மாதம் ஒருமுறை கரிசல் தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள்.

மெஷின் கையில் இருக்கிறது என்பதற்காக எல்லாவற்றையும் பற்றவைக்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்கிறேன். டிரெய்லர் கொக்கியும் அதன் கட்டையும் உங்கள் வேலை அல்ல. கதிர் மூட்டையும் அதன்மேல் ஆட்களுமாகக் கண்மாய்க் கரை ஏறும்போது அது விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். புதுக் கொக்கி வாங்குங்கள். ரோட்டவேட்டர் பிளேடு சூட்டில் பதப்படுத்திய இரும்பு. பற்றவைத்தால் அந்த இடத்திலேயே முறிந்து தெறிக்கும். மோட்டார் பம்பின் வார்ப்பிரும்பு உடலுக்குச் சாதா ராடு பிடிக்காது, தனி ராடும் முன்சூடும் தெரிந்த கையும் வேண்டும். டீசல் பேரலைக் கழுவிவிட்டேன் என்று சொல்லி யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். உள்ளே மிஞ்சியிருக்கும் ஆவி ஒன்றே போதும் வெடிக்க. டிராக்டரிலேயே பற்றவைப்பதாக இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாக ஓடி அதைத் தின்றுவிடும். சோளத்தட்டைப் படப்பு இருக்கிற பக்கம் தீப்பொறியே கூடாது.

மதினிமாரே, அக்காமாரே, உங்களிடம் தனியாக ஒன்று. குழுக்கடன் எடுத்து மெஷினுக்குப் பணம் கொடுக்கப் போவது பெரும்பாலும் நீங்கள். அந்தப் பணத்தில் முகமூடியும் தோல் கையுறையும் சேர்ந்துதான் வர வேண்டும் என்று நீங்கள் சொன்னால் நடக்கும். கறுப்புக் கண்ணாடி போட்டால் போதாது. வெயிலுக்குப் போடும் கண்ணாடி இந்த ஒளிக்கு ஒன்றுமே இல்லை. பதினோராம் நம்பர் கண்ணாடி வைத்த முகமூடி வேண்டும். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. நடு ராத்திரியில் கண்ணுக்குள் மணல் கொட்டியது போல அலறும். உருளைக்கிழங்கை அரைத்து வைப்பது, தாய்ப்பால் விடுவது எல்லாம் வேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். புகையும் அப்படித்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. ஜிஐ பைப்பைப் பற்றவைத்த அன்று ராத்திரி காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் அது துத்தநாகப் புகையின் வேலை. வேலை திறந்த வெளியில், காற்றுக்கு முதுகு கொடுக்காமல் பக்கவாட்டில் நின்று நடக்கட்டும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பேச்சே வேண்டாம். பிளக்கின் மூன்றாவது முள்ளை யாராவது ஒடித்திருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். 2017-18-இல் கூட்டுப் பண்ணையத் திட்டம் வந்தபோது இருபது இருபது பேராகச் சேர்ந்து, ஐந்து குழுவை ஒன்றாக்கி, நூறு பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவானோம். குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள், பண்ணைக் கருவிகள் வாங்க. கருவிகள் வந்தன. அவை உடைந்தால் என்ன செய்வது என்று எந்தக் கூட்டத்திலாவது பேசினோமா? நான் போன கூட்டங்களில் பேசவில்லை. டிராக்டரைப் பொதுவில் வைத்திருக்கிறவர்கள் வெல்டிங் மெஷினை மட்டும் ஏன் ஆளுக்கொன்று வாங்க வேண்டும்? வருடத்தில் முப்பது நாள்கூட ஒரு வீட்டில் அதற்கு வேலை இருக்காது. பத்து வீடு சேர்ந்தால் தரமான மெஷின், நல்ல வயர், ஒரு கிரைண்டர், இரண்டு முகமூடி, தீயணைக்க ஒரு டிரம் மணல் எல்லாமே வாங்கலாம்.

கையும் தேவை. நம் ஊர்ப் பையன்கள் எத்தனையோ பேர் வெளிநாட்டுக் கப்பல் பட்டறைகளிலும் எண்ணெய் ஆலைகளிலும் பற்றவைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். இந்தத் தொழிலுக்கு நம் மாநிலத்தில் பஞ்சமே இல்லை. திருச்சி பெல் ஆலையில் வெல்டிங்குக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் 1975-லிருந்து இருக்கிறது. அருப்புக்கோட்டையில் அரசு ஐடிஐ இருக்கிறது. ஐடிஐ வெல்டர் படிப்பு ஒரே வருடம், எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் சேரலாம். குழுவிலிருந்து ஒரு பையனையோ பெண்ணையோ அனுப்புங்கள். அதுவரைக்கும் திரும்பி வந்தவர் ஒருவரை அழைத்து, நாலு ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொள்ளுங்கள். பட்டறைக்காரர் பிழைப்பில் மண்ணைப் போடுகிறோமோ என்று சிலர் தயங்குகிறீர்கள். அவரையே கடைக்குக் கூட்டிப் போங்கள், கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். கொக்கியும் பம்பும் எப்போதும் அவரிடம்தான் போகும். விதைப்பு நாளில் அவர் வாசலில் பதினோரு பேர் நிற்காமல் இருப்பது அவருக்கும் நிம்மதி.

வாங்கப் போகும் முன், ஒரு வாரம் சாயங்காலம் ஏழு மணிக்கு உங்கள் ஊர் வோல்டேஜை மீட்டர் வைத்து அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு கடைக்குப் போங்கள். உடைந்த கொத்து ஒன்றையும் பத்து நம்பர் ராடு பத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். 120 ஆம்பியர் வைத்து, பத்து ராடையும் இடைவெளி விடாமல் எரித்துக் காட்டச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. மஞ்சள் விளக்கு எரிந்தால் எழுந்து வந்துவிடுங்கள். எரியாவிட்டால், மதுரையிலோ விருதுநகரிலோ பழுதுபார்க்கும் இடம் எது, போர்டு தனியாகக் கிடைக்குமா, உங்கள் ஊர் வோல்டேஜில் ஓடாவிட்டால் எத்தனை நாளில் திருப்பி எடுப்பார்கள் என்பதை பில்லின் பின்பக்கத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள்.

ஆவணி முடிவதற்குள் உங்கள் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். எந்த ஊரில் கூடினாலும் சொல்லுங்கள், நான் வருகிறேன். வெந்துபோன என் பெட்டியையும் கொண்டு வருகிறேன், திறந்து காட்ட. புரட்டாசியின் முதல் மழைக்கு முன்னால் மெஷின் ஊருக்குள் வந்திருக்க வேண்டும்.

உங்களில் ஒருவன்,
நரிக்குடிப் பக்கத்து மானாவாரி உழவன்